மிதித்த மா

நிலத்தைப் பற்றி ஆராயச் சென்ற ஒருவன் அந்நிலத்து உணவைப் பற்றி எழுத முற்படுவது பொருத்தமாகுமா என்ற ஐயம் இக்கட்டுரையைத் தொடங்கும்போது எனக்கு எழாமலில்லை. 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யப்பானின் சிக்கொக்குத் தீவிலுள்ள ககாவா மாகாணத்தில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். மழை குறைந்த நிலங்களிற் குளங்கள் எவ்வாறு பேணப்படுகின்றன என்பதை அறிவதே எனது பயணத்தின் நோக்கம். குளங்களைப் பற்றி அன்று நான் எழுதிய அறிக்கை இப்போது எந்தக் கோப்பிற் கிடக்கின்றதோ அறியேன். ஆயின், ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் வயலோரத்து உணவுச்சாலையொன்றில் நான் உண்ட ஒரு கோப்பை உடொன் இன்னும் என் நினைவை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணம் அதன் சுவை மட்டுமன்று.

உடொன் என்பது கோதுமை மா, உப்பு, நீர் ஆகிய மூன்றினால் மட்டும் ஆக்கப்படும் தடித்த வெண்ணிற நூடில்ஸ் வகையாகும். எமது இடியப்பத்தை அறிந்தவர்கள் அதனோடு இதனை ஒப்பிட முனையலாம். ஆனால் இரண்டும் தன்மையிற் பெரிதும் வேறானவை. இடியப்பம் உரலின் துளைகளினூடாகப் பிழியப்பட்டு ஆவியில் அவிவது, தொட்டவுடன் உதிர்வது. உடொனோ பலகையில் விரித்த மாவைக் கத்தியால் அரிந்து கொதிநீரில் வேகவைப்பது. பல்லுக்கு இணங்குவதுபோல இணங்கி, பின் எதிர்த்து நிற்பது. அந்த எதிர்ப்பைக் 'கொஷி' என்பர். கொஷி இல்லாத உடொனை ககாவா மக்கள் உடொனாகவே மதிப்பதில்லை.

அன்று என்னை அழைத்துச் சென்றவர், என் ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த முதிய பேராசிரியர். அவர் தமது சிறிய காரை மெதுவாகச் செலுத்தியபடி, அப்பகுதியின் நிலநூலை எனக்கு உணவின் வழியாகக் கற்பித்துக்கொண்டு வந்தார்.

ககாவா பரப்பளவில் யப்பானின் மிகச்சிறிய மாகாணம். ஏறக்குறைய 1,877 சதுர கிலோமீற்றர் மட்டுமே. சனுக்கி என்பது அதன் பழைய பெயர். அதனாலேயே அங்கு ஆக்கப்படும் உடொன் நாடெங்கும் சனுக்கி உடொன் என வழங்குகின்றது. அங்கு ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 1,100 மில்லிமீற்றர். மழைவளம் மிக்க யப்பானில் இது மிகக் குறைந்த அளவாகும். எமது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மழையளவிலிருந்து அதிகம் வேறுபட்டதுமன்று. ஆறுகள் குறுகியவை, மலையிலிருந்து இறங்கும் நீர் விரைவிலேயே கடலைச் சேர்ந்துவிடும். எனவே அம்மக்கள் குளங்கள் கட்டினர். பல்லாயிரம் குளங்கள் அச்சிறிய மாகாணத்தில் உள்ளன. அவற்றுட் பெரியதாகிய மன்னோக் குளம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டதென்பர். அதன் அணையை 821ஆம் ஆண்டிற் திருத்தியமைத்தவர், அம்மண்ணிற் பிறந்து சீனம் சென்று மீண்ட கூக்காய் என்னும் பௌத்த துறவியாவார். உடொனைச் சீனத்திலிருந்து கொண்டுவந்தவரும் அவரே என்பது மக்கள் வழக்கு. அதற்கு எழுத்துச் சான்று இல்லை. எனினும், குளத்தைத் தந்தவரே உணவையும் தந்தார் என்று நம்பும் உள்ளம் வன்னிக் குளங்களை அறிந்த எமக்கு விளங்காததன்று.

குளத்து நீர் கோடையில் நெல்லுக்கே போதுமானதாக இருந்தது. ஆகவே, நெல் அறுத்த வயலில், குறைந்த நீருடன் விளையக்கூடிய கோதுமையைக் குளிர்காலப் பயிராக விதைத்தனர். சேத்தோ உள்நாட்டுக் கடலோரத்தில் உப்பு விளைந்தது. இபுக்கித் தீவைச் சூழ்ந்த கடலில் எமது நெத்தலியை ஒத்த சிறுமீன் கிடைத்தது. அதனை அவித்து உலர்த்தி வைத்தனர். அயலிலுள்ள ஷோதோத் தீவிற் சோயா சோஸ் வடித்தனர். மா, உப்பு, கருவாடு, சோஸ் ஆகிய நான்கும் ஒரு நாள் நடையிலும் தோணிப் பயணத்திலும் கைக்கெட்டின. "செல்வம் உள்ள இடத்தில் இந்த உணவு பிறந்திராது, இது தண்ணீர்ப் பஞ்சம் எங்களுக்குத் தந்த கொடை," என்றார் பேராசிரியர். வீதியின் இருமருங்கும் நெல் அறுத்த வயல்களைக் கோதுமைக்காக உழுதுகொண்டிருந்தனர். எனினும் இன்று கடைகளிற் பயன்படும் மாவிற் பெரும்பகுதி அவுஸ்திரேலியக் கோதுமையிலிருந்து வருவதென்றும், தம் மண்ணின் கோதுமை மறைந்துபோவதைப் பொறாத மாகாணத்தார் 'சனுக்கியின் கனவு 2000' என்றொரு புதிய இனத்தை உருவாக்கினர் என்றும் அவர் கூறினார்.

நாங்கள் சென்ற உணவுச்சாலை குளக்கட்டொன்றின் அடிவாரத்தில் அமைந்த ஓட்டுக்கூரைக் கொட்டகை. வாசலில் நீலத் துணித்திரை தொங்கியது. அவ்விடம் முன்னர் உடொன் ஆக்கிக் கடைகளுக்கு விற்கும் பட்டறையாக மட்டுமே இருந்ததாம். வாங்க வந்தவர்கள் நின்ற நிலையிலேயே ஒரு கோப்பை உண்ணத் தொடங்க, காலப்போக்கில் அது உணவுச்சாலையாயிற்று. இன்றும் கையாலேயே ஆக்குகின்றனர் என்பதுதான் அதன் புகழுக்குக் காரணம். முற்பகல் பதினொன்றரை மணிக்கே நாற்பது பேர்வரை வரிசையில் நின்றனர். வெள்ளைச் சட்டை அணிந்த அலுவலர்கள், சேறு படிந்த காலணியுடன் உழவர்கள், கைக்குழந்தையுடன் ஓர் இளம்பெண், எமக்குப் பின்னால் தலையிற் துவாலை சுற்றிய ஒரு லொறிச் சாரதி. எவரும் எவருக்கும் வழிவிடவில்லை, எவரும் முந்தவுமில்லை.

வரிசை மெல்ல நகர்ந்து ஒரு கண்ணாடி யன்னலை அடைந்தது. அதனூடாகப் பட்டறையின் உட்புறம் தெரிந்தது. எழுபது வயதைக் கடந்த ஒருவர் நிமிர்ந்து நின்று, சிறு சிறு அடிகளாக வட்டமாக நடந்துகொண்டிருந்தார். அவருடைய பாதங்களின் கீழ்த் தடித்த விரிப்பொன்று கிடந்தது. அதனுள்ளே இருப்பது யாதென நான் வினவினேன்.

"மா," என்றார் பேராசிரியர். "கைவலிமை அதற்குப் போதாது. உடலின் முழுப் பாரமும் இறங்கவேண்டும். மிதித்து, மடித்து, மீண்டும் மிதிப்பார்கள். பின்னர் உறங்க விடுவார்கள். கோதுமையிலுள்ள புரதம் வலைபோற் பின்னிக்கொள்வது அப்போதுதான். உப்பின் அளவும் பருவத்துக்குப் பருவம் வேறுபடும். உப்பு ஒரு கிண்ணமாயின், கடுங்கோடையில் நீர் மூன்று கிண்ணம், கடுங்குளிரில் ஆறு, இப்போதுபோன்ற இடைப்பருவத்தில் ஐந்து. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு இது."

அவர் கூறிய புரதமும் உப்பும் என் செவியில் விழுந்தனவேயன்றி மனத்திற் பதியவில்லை. என் கண்கள் அந்தப் பாதங்களையே நோக்கின. அவை தூய வெண்ணிறக் காலுறை அணிந்திருந்தன. மாவுக்கும் பாதத்துக்குமிடையில் இரட்டை விரிப்பு இருந்தது. என் அறிவு இவற்றையெல்லாம் கண்டது. ஆயினும் வயிறு குமட்டியது. காலால் மிதித்ததை உண்பதா? வரிசையிலிருந்து விலக ஒரு வழி தேடினேன். அன்று வெள்ளிக்கிழமை என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது.

"ஐயா, மன்னிக்கவேண்டும். எங்கள் வழக்கப்படி வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் உண்பதில்லை. இதன் வடிசாற்றிற் கருவாடு இருக்கும் என்றீர்களே," என்றேன். அன்று காலை விடுதியில் நான் பொரித்த மீன் உண்டதை அவர் அறியார்.

பேராசிரியர் பெரிதும் வருந்தினார். தமது கவலையீனத்துக்கு இருமுறை மன்னிப்புக் கேட்டார். பின்னர் அவருடைய முகம் மலர்ந்தது. "வடிசாறு சேர்க்காமலும் உண்ணலாமே! கழுவிய உடொனில் முள்ளங்கித் துருவலும் சில துளி சோயா சோஸும் இட்டால் அதுவும் ஒரு வகை. மாவின் சுவையை அறிவதற்கு அதுவே சிறந்தது." என் பொய் என்னையே பிடித்துக்கொண்டது. தப்ப வழியில்லை.

உள்ளே பணியாளர் எவரும் மேசைக்கு வந்து பரிமாறும் வழக்கமில்லை. ஒவ்வொருவரும் தமக்கு எத்தனை உருண்டை வேண்டும் என்று கூறுவர். வேகவைத்துக் குளிர்நீரில் அலசிய நூடில்ஸை ஒருவர் கோப்பையில் இடுவார். அதன் பின்னர் யாவும் உண்பவரின் பொறுப்பு. சூடாக வேண்டுமெனில் நீண்ட பிடியுடைய வடிகூடையில் இட்டு, கொதிநீர்த் தொட்டியிற் தாமே அமிழ்த்தி எடுக்கவேண்டும். தொட்டியொன்றின் குழாயைத் திறந்தால் 'தஷி' என்னும் வடிசாறு வரும். வெங்காயத்தாளும் இஞ்சித் துருவலும் தட்டுகளில் இருக்கும். ஒரு கோப்பையின் விலை இருநூறு யென்னளவில் இருந்தது. அந்நகரிற் கோப்பிக்கு நான் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கின்றேன்.

குளிர் நடுக்கத்தில் சூடாகவே உண்ண விரும்பி நானும் வடிகூடையை அமிழ்த்தினேன். எடுத்ததும் நீரோடு அப்படியே கோப்பையிற் கவிழ்க்க முற்பட்டேன். பின்னால் நின்ற லொறிச் சாரதி ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து வடிகூடையை வாங்கினார். மணிக்கட்டைச் சுழற்றி மூன்று முறை உதறினார். நீர் முழுவதும் வடிந்தபின், பிசிறின்றி என் கோப்பையில் இட்டுத் தலையசைத்தார். எண்ணெய்க் கறை படிந்த கைகள் அவருடையவை. அவருக்கும் எனக்குமிடையில் நிகழ்ந்ததில் எவருக்கும் வியப்பில்லை.

நீண்ட மரப்பலகையின் முன் அமர்ந்தோம். சூழவும் நூடில்ஸை உறிஞ்சும் ஓசை. உண்ணும்போது ஓசையெழுப்பினால் என் தகப்பனார் பார்க்கும் பார்வை நினைவுக்கு வந்தது. இங்கோ ஓசையின்றி உண்டவன் நான் ஒருவனே. கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை உண்டேன்.

அதனை எவ்வாறு கூறுவது? முதலில் வழுவழுப்பு, பின்னர் பல்லை உள்ளே வரவிட்டு, நடுவில் ஒரு கணம் தடுத்து நிறுத்தும் உறுதி, அது விட்டுக்கொடுத்தபின் கோதுமையின் மெல்லிய இனிப்பு. சோஸின் உவர்ப்பும் முள்ளங்கியின் காரமும் அந்த இனிப்பை எடுத்துக்காட்டினவேயன்றி மறைக்கவில்லை. மிதித்த பாதங்களின் பாரம் முழுவதும் அந்த ஒரு கணத் தடுப்பில் இருந்தது. கோப்பை வெறுமையானபோதுதான் நான் நிமிர்ந்தேன். பேராசிரியர் என்னையே நோக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து சென்று இரண்டாவது கோப்பை வாங்கினேன். அதிற் குழாயைத் திறந்து, கருவாட்டு மணம் கமழும் வடிசாற்றை நிறைய விட்டுக்கொண்டு வந்தமர்ந்தேன்.

"வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டதா?" என்றார் அவர்.

உண்மையைக் கூறினேன். மீன் அல்ல, அந்தப் பாதங்களே என்னைத் தடுத்தன என்றேன். அவர் கோபிக்கவில்லை. "எங்கள் வீட்டில் மா மிதிப்பது பிள்ளைகளின் வேலை. திருவிழாவுக்கும் உடொன், திவசத்துக்கும் உடொன், நெல் நட்டு முடித்து, உதவிக்கு வந்த அயலாரை அமர்த்தி உபசரிக்கவும் உடொன். என் பாரம் போதாதென்று பாட்டி என் தம்பியை என் முதுகிற் கட்டிவிடுவார். அவனையும் சுமந்துகொண்டு மிதிப்பேன். விருந்தாளி உண்டு, நல்ல கொஷி என்று கூறினால் அந்தப் புகழில் எங்கள் இருவருக்கும் பங்குண்டு," என்றார். சற்று நேரத்தின் பின் மெல்லக் கேட்டார்: "உங்கள் நாட்டிற் காலால் எதனையும் மிதிப்பதில்லையா?"

நான் விடைகூற வாயெடுத்தேன், விடை வரவில்லை. மிதிக்காமலா? நாங்கள் உண்ட சோறு காலால் மிதித்த சேற்றில் விளைந்தது. களத்திற் சூடு மிதித்தே நெல்லைப் பிரித்தோம். அச்சோற்றைக் காய்ச்சிய பானையின் களிமண்ணைக் குயவர் காலால் மிதித்தே பதப்படுத்தினர். இவையொன்றும் எங்கள் வயிற்றைக் குமட்டவில்லை. அப்படியாயின் அந்த யன்னலருகே குமட்டியது எது?

அப்போது ஒரு சிரட்டை என் நினைவுக்கு வந்தது.

1970களின் தொடக்கத்தில் எனக்குப் பத்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் புகையிலைத் தோட்டத்தைக் கொத்துவதற்கு ஒரு முதியவர் வருவார். பிற்பகலில் அவருக்குத் தேநீர் கொண்டுசெல்வது என் கடமை. வீட்டார் அருந்துவது மூக்குப்பேணியில். அவருக்கென ஒரு சிரட்டை வேலியோரத்துப் பூவரசங் கப்பிற் செருகப்பட்டிருக்கும். அதனை அவரே எடுத்துக் கழுவி இரு கைகளாலும் ஏந்திக் குனிந்து நிற்பார். "தம்பி, மேலையிருந்து ஊத்து. செம்பு சிரட்டையிலை முட்டக் கூடாது," என்பது பாட்டியின் கட்டளை. நான் முட்டாமல் ஊற்றப் பழகினேன். ஒரு துளியும் சிந்தாமல் ஊற்றியதற்காக மெச்சப்பட்டும் இருக்கின்றேன்.

அக்காலம் இருண்ட காலமென்று கூறித் தப்பிவிட முடியாது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின் தேநீர்க்கடைகளிலும் ஆலயங்களிலும் நுழைவதற்காக நடந்த போராட்டங்களும் எங்கள் காதுக்கெட்டிய தூரத்திலேயே நிகழ்ந்தன. பல்கலைக்கழகம் புகுந்தபின் அவற்றைப் பற்றி நான் கருத்தரங்குகளிற் பேசியிருக்கின்றேன். தீண்டாமையைக் கண்டித்து எழுதியுமிருக்கின்றேன். எழுதியவை பொய்யல்ல. ஆனால் எழுதிய கையை வயிறு பின்பற்றவில்லை என்பதை நாற்பதாண்டுகள் கழித்து, ஐயாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், உடொன் கடையொன்றின் யன்னலருகே அறிந்துகொண்டேன். பாதம் எனக்கு ஒரு பொருட்டன்று. அது எவருடைய பாதம், எவருடைய கை என்ற கேள்வியே சிறுவயது முதல் என் வயிற்றுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. விடை தெரியாத இடத்தில் அது அஞ்சிக் குமட்டியது.

உண்டு முடித்தவர்கள் தம் கோப்பைகளைத் தாமே எடுத்துச் சென்று, நீர் நிறைந்த பெரிய தொட்டியில் இட்டனர். சாரதியின் கோப்பையும், அலுவலரின் கோப்பையும், எமது கோப்பைகளும் ஒரே நீரில் மூழ்கின. எது எவருடையதென்று கூறுவதற்கு அவற்றில் அடையாளம் ஏதுமில்லை. என் மனம் நெகிழ்ந்திருந்த வேளையாதலால், உங்கள் நாடு இதில் எங்களுக்கு முன்மாதிரி என்று பேராசிரியரிடம் கூறினேன்.

அவர் தலையை அசைத்து மறுத்தார். "அவசரப்பட்டு எங்களைப் புகழ்ந்து எழுதிவிடாதீர்கள். தோல் பதனிட்டவர்களையும் இறைச்சி வெட்டியவர்களையும் நாங்கள் ஊருக்குப் புறம்பே வைத்திருந்தோம். 1871இல் அரசாணை அந்த இழிநிலையை நீக்கியது. ஆனாலும் திருமணம் பேசும்போது பூர்வீக ஊரை விசாரிப்பவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். இந்தக் கடையில் எவரும் கேட்பதில்லை என்பது உண்மை. கடைக்கு வெளியே கேட்பதில்லை என்று நான் சொல்லமாட்டேன்." நான் நாடு திரும்பிய பின்னர், 2016ஆம் ஆண்டில், புராக்குமின் எனப்படும் அம்மக்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கென அங்கு தனிச் சட்டமொன்று இயற்றப்பட்டதை அறிந்தபோது அவருடைய சொற்களை நினைத்துக்கொண்டேன். ஆணை பிறந்து நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

எஞ்சிய வாரங்களிற் பலமுறை அக்கடைக்குச் சென்றேன். வடிகூடையை மூன்று முறை உதறப் பழகிக்கொண்டேன். ஓசையெழுப்பி உண்ணவும் ஓரளவு கற்றுக்கொண்டேன். புறப்படுவதற்கு முதல் நாள், மா மிதிக்கும் முதியவர் பட்டறைக்குள் வருமாறு சைகை காட்டினார். காலணியைக் கழற்றி, அவர் தந்த புதிய காலுறையை அணிந்து விரிப்பின்மீது ஏறினேன். கால் வழுக்கும் என்று அஞ்சினேன். மாறாக, மா என் பாதங்களை மெல்ல உள்வாங்கி மீண்டும் மேலே தள்ளியது. பத்து நிமிடங்களில் எனக்கு மூச்சிரைத்தது. அவர் சிரித்துக்கொண்டு என்னை இறக்கிவிட்டுத் தாம் ஏறினார். அவருடைய மனைவி நாள்தோறும் விடியுமுன்னர் எழுந்து அடுப்பு மூட்டுவதாகவும், மா தீர்ந்ததும் கடையை அடைத்துவிடுவதாகவும் பேராசிரியர் மொழிபெயர்த்துக் கூறினார். பெரும்பாலான நாட்களில் அது பிற்பகல் இரண்டு மணிக்கு முன்னரே நிகழ்ந்துவிடும்.

நாடு திரும்பியதும், யாழ்ப்பாணத்தில் எஞ்சியிருந்த உறவினரிடம் அந்தத் தோட்டத்து முதியவரைப் பற்றி விசாரித்தேன். போர்க்கால இடப்பெயர்வுகளின்போது அவருடைய குடும்பத்தினர் ஊரைவிட்டுச் சென்றுவிட்டனர் என்றனர். அவர் எப்போது இறந்தார் என்பதும் தெரியவில்லை. அவருடைய முழுப்பெயர் என்னவென்று கேட்டேன். என் பெரியதாயாருக்குத் தெரியவில்லை. என் அண்ணருக்கும் தெரியவில்லை. பேரப்பிள்ளை வயதுடைய நான் உட்பட, வீட்டிலிருந்த யாவரும் அவரை அழைத்த ஒரு குறுகிய பெயர் உண்டு. அதனை இங்கு எழுத நான் விரும்பவில்லை.

ககாவாவின் மிகப் பெரிய குளத்தின் பெயரை நான் அறிவேன். அங்கு உருவாக்கப்பட்ட கோதுமை இனத்தின் பெயரை அறிவேன். வடிசாற்றுக்குச் சிறுமீன் தரும் தீவின் பெயரையும் அறிவேன். பத்து ஆண்டுகள் எங்கள் மண்ணைக் கொத்திய ஒருவரின் பெயரை அறியேன். அறிந்தவர் எவரேனும் இருப்பரோ என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கின்றேன்.